வரை

செவ்வாய், வியாழன், இரவு ஏழரைக்கு
ஜூரோங் சமூக மன்றத்தின் நான்காம் மாடியில்
பாம்புப் பெயரில் ஒரு கணினி வகுப்பு: பைத்தான்.
பகலில் பூன் லே சந்திப்பு நிலையத்திலிருந்து
புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பேருந்தை ஓட்டுகிறேன்.
அதன் நெற்றியில் எழுதியிருக்கும்: லூப்.

அதனால், ஜுன் ஹாவ் பலகையில் வைல் என்றெழுதி
அம்பை வளைத்து வளைத்துக் காட்டியபோது
எனக்கு மட்டும் கொட்டாவி வந்தது.
இருபத்திரண்டு நிமிடம், பதினான்கு நிறுத்தம்.
இதில் எனக்கென்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறாய், தம்பி?

சொன்னான்.
சுற்றின் வாசலில் ஒரு கேள்வி. ஆம் என்றால் உள்ளே போ.
கடைசி வரி முடிந்ததும் வாசலுக்கு வா, மறுபடி கேள்.

உடனே அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

சட்டையில் தைத்த பெயர் ஹைகல்.
இரண்டு மணிக்கு ஏறுவான். இடப்பக்கம், சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கை.
ஏழாவது நிறுத்தத்தில் கழுத்தை முறுக்கி மேலே பார்ப்பான்:
புளோக் 183, ஒன்பதாம் மாடி,
சமையலறை மூங்கிலில் ஒரு சிவப்புத் துண்டு.
இருந்தால் இறங்க மாட்டான்.
நிலையம் வந்ததும் அட்டையைத் தட்டி இறங்கி
வரிசையின் வாலில் நின்று, தட்டி, மறுபடி ஏறுவான்.
ஒரு நாள் ஐந்து சுற்று.

அம்மாவுக்கு ஏர்போர்ட்டில் நைட் ஷிஃப்ட், ஆன்ட்டி. வீட்டில் ஒரே அறை.
எழுந்ததும் துண்டை எடுத்துவிடுவாராம்.
இதை மலாயில் சொன்னான்.
எனக்குத் தெரிந்த மலாய் அதற்குப் போதும்.

அதையே எழுதினேன், என் முதல் நிரல்.
துண்டு எடுக்கும் வரை சுற்று என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு
எடுத்தாச்சு என்பதை நிபந்தனையாக வைத்தேன்.
துண்டு தொங்கத் தொங்கப் பையன் இறங்கி வீட்டுக்குப் போனான்.
தமிழில் இருக்கும் வரை என்றாலும் வரை,
எடுக்கும் வரை என்றாலும் வரை.
கணினிக்கு முதல் வரை மட்டும்தான் தெரியும்.

திருத்தினேன்.
திரை முழுக்க
துண்டு இருக்கிறது
துண்டு இருக்கிறது
துண்டு இருக்கிறது
துண்டு இருக்
ரோஸ்லினா நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்துச் சிரித்தாள்.
கன்ட்ரோலையும் சீயையும் சேர்த்து அழுத்தச் சொன்னான் ஜுன் ஹாவ்.
நின்றது.
மேலே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தவறு ஒரே வரியில்.
துண்டு இருக்கிறதா என்று சுற்றுக்கு வெளியே கேட்டிருந்தேன்,
ஒரே ஒரு தடவை.
அந்தப் பதிலையே உள்ளே நம்பிக்கொண்டிருந்தது, பாவம்.
அப்படி ஒரு தடவை கேட்டுவிட்டுப்
பதினோரு வருடம் நம்பிய ஆள் நான்.
அது வேறு கதை, இங்கே வேண்டாம்.
கேள்வியை உள்ளேயும் ஒருமுறை எழுதினேன்,
நான்கு இடைவெளி தள்ளி.

ஏழாம் நிறுத்தம் தாண்டிய பிறகு
அம்மா எழுந்துவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?
தெரியாது என்றான் ஜுன் ஹாவ்,
சுற்று முடிந்து வாசலுக்கு வந்தால்தான்.
ஆமாம்.
அங்கே கதவு திறந்திருக்கும், குழம்பு கொதித்திருக்கும்.
இங்கே அவன் பள்ளிப்பையில் தலைவைத்து
என் பேருந்தில் தூங்கிக்கொண்டிருப்பான்.

புதன்கிழமை அவன் ஏறவில்லை.
இரண்டு மணிக்கும் இல்லை, அடுத்த சுற்றிலும் இல்லை.
ஏழாவது நிறுத்தத்தில், இறங்க ஆளில்லாமல்,
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் யாரோ மணியை இரண்டு தரம் அழுத்தினார்.
ஸ்டியரிங்கில் மோவாய் படக் குனிந்து பார்த்தேன்.
மூங்கில் இருந்தது.
இரண்டு சட்டை, ஒரு தலையணை உறை.
சிவப்பு இல்லை.

வியாழன் வகுப்பில் ஆளுக்கொரு உள்ளீடு கொடுத்துச் சோதித்தார்கள்.
நான் முதல் கேள்விக்கே
இல்லை என்று தட்டினேன்.
திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு கோடு மட்டும் மினுக்கியது.
ஓடலையா என்றாள் ரோஸ்லினா.
ஓடியது என்றேன்.